மலைக்குப் பட்டியல், குளத்துக்குக் காவல்: திண்டுக்கல் சமவெளியும் பறவை நோக்கலின் வரலாறும்

திண்டுக்கல்லுக்கு வடக்கே கரூர் செல்லும் வழியில் தாடிக்கொம்பை ஒட்டி அமைந்த அகரம், முத்தாலம்மன் கோயிலின் ஐப்பசித் திருவிழாவால் சுற்றுவட்டாரத்தில் அறியப்பட்ட பேரூராட்சி. மேற்கே பழனி மலைத்தொடர், தென்கிழக்கே சிறுமலை, இடையே வடக்கு நோக்கிச் சரியும் செம்மண் நிலம், அந்நிலத்தின் வடிகாலாகக் குடகனாறு என்னும் அமைப்பு திண்டுக்கல் சமவெளியின் பெரும்பகுதிக்குப் பொதுவானது; அகரமும் அதில் அடங்கும். பழனி மலைத்தொடரின் கீழ்ச்சரிவுகளில் தோன்றும் குடகனாறு, ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, தாடிக்கொம்பு வழியாக வேடசந்தூர்ப் பகுதிக்குச் சென்று, அழகாபுரி அணையைத் தாண்டிக் கரூர் மாவட்டத்தில் அமராவதியோடு கலக்கிறது. ஆண்டின் பல மாதங்கள் வெறும் மணலாகக் கிடக்கும் இந்த ஆற்றுக்கும் அதன் இருபுறத்துக் குளங்களுக்கும் நீர் தருவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே. மழை ஓய்ந்து குளங்கள் நிறைந்து நிற்கும் மார்கழி முதல் மாசி வரையிலான காலத்தில்தான் உள்நாட்டு நீர்ப்பறவைகளும் வடபுலத்திலிருந்து வலசை வரும் பறவைகளும் ஒருங்கே இங்கே கூடுகின்றன. வலசை என்பது உணவும் தட்பவெப்பமும் நோக்கிப் பறவைகள் ஆண்டுதோறும் மேற்கொள்ளும் இடப்பெயர்ச்சி. சித்திரை பிறப்பதற்குள் வந்தவை பெரும்பாலும் திரும்பிவிடும், குளங்களும் வற்றத் தொடங்கிவிடும்.

இந்தப் பருவ ஒழுங்கை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் பறவைகளைக் குறித்த எழுத்து மலையில் செழித்ததற்கும் சமவெளியில் அருகியதற்கும் இந்த ஒழுங்கே பெருமளவு விளக்கம் தருகிறது. தமிழகத்தில் பறவைகளோடு மனிதர் கொண்ட உறவு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இரண்டு தனித்தனி வழிகளில் நடந்தது எனலாம். ஒன்று, பறவையைக் கண்டு, இனம் பிரித்து, பெயரிட்டு, பட்டியலில் சேர்க்கும் அறிவு வழி. இது துப்பாக்கியோடும் பாடம் செய்யும் பெட்டியோடும் வந்து, பின்னர் இருகண்நோக்கிக்கு மாறியது. மற்றொன்று, தம் ஊர் ஏரியில் கூடுகட்டும் பறவைக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் உழவர் வழக்கம். இதற்குப் பட்டியலும் இல்லை, பதிவேடும் இல்லை. முன்னதற்குத் திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானல் பகுதி சிறந்த எடுத்துக்காட்டு. பின்னதற்குச் செங்கற்பட்டுச் சீமையின் வேடந்தாங்கல் எடுத்துக்காட்டு.

இவ்விரண்டுக்கும் முன்னரே, தமிழர் பறவைகளைக் கூர்ந்து நோக்கியதற்கு இலக்கியச் சான்று மிகுதியாக உள்ளது. சங்கப் பாடல்களில் வரும் பறவைகளை இன்றைய விலங்கியல் இனங்களோடு பொருத்திக் காட்டிய பி. எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ என்னும் நூல் 1976இல் வெளிவந்தது. நெய்தல், மருத நிலப் பாடல்களில் நாரை, கொக்கு, அன்றில், குருகு முதலியவற்றின் உணவும் கூடும் குரலும் எத்துணை நுட்பமாகப் பதிவாகியுள்ளன என்பதை அந்நூல் நிறுவியது. பிற்காலத்துச் சத்திமுத்தப் புலவர் செங்கால் நாரையைத் தூது விடும் தனிப்பாடலும் இவ்வகையில் நினைக்கத்தக்கது. அப்பாடல் நாரையின் அலகையும் காலையும் சரியாக அடையாளம் காட்டுவதோடு, அது தன் துணையுடன் தென்முனைக்குச் சென்று மீண்டும் வடக்கு நோக்கித் திரும்பும் என்பதையும் அறிந்தே பேசுகிறது. வலசை என்ற நிகழ்வை ஐரோப்பிய அறிவுலகம் வளையமிட்டு ஆராயத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, அதன் திசையையும் மீட்சியையும் ஒரு வறிய புலவர் பொது அறிவாக எடுத்துக்கொண்டு பாட முடிந்திருக்கிறது.

ஏட்டில் ஏறாத அறிவும் ஒன்று இருந்தது. குருவிக்காரர் என்றும் நரிக்குறவர் என்றும் அழைக்கப்பட்ட மக்கள் காடை, கௌதாரி முதலியவற்றைக் கண்ணி வைத்தும் வலை விரித்தும் பிடித்து விற்றுப் பிழைத்தனர். கண்ணி என்பது பறவையின் கால் சிக்குமாறு அமைக்கப்படும் சுருக்குக் கயிறு. எந்தப் பறவை எந்தப் புதரில் எந்த நேரத்தில் இறங்கும், எந்தக் குரலுக்குப் பதில் கொடுக்கும் என்பதெல்லாம் இத்தொழிலின் மூலதனம். 1830களில் சென்னை மாகாணத்துக்கு வந்த அறுவை மருத்துவர் தாமஸ் ஜெர்டன், தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலை 1839 முதல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் வெளியிட்டார். அவரைப் போன்றோர் திரட்டிய மாதிரிகளுக்கும் உள்ளூர்ப் பெயர்களுக்கும் பின்னே இத்தகைய வேட்டைக்காரர்களின் உழைப்பு இருந்தது. பட்டியலில் இடம்பெற்றவை பறவைகளின் பெயர்களும் அவற்றைச் சேகரித்த துரைமார்களின் பெயர்களுமே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியபோது, சட்டத்தின் நோக்கம் சரியானதாயினும், அந்த அறிவைப் பாதுகாப்புப் பணிக்கு மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு உடன் வரவில்லை. இது இந்திய இயற்கைப் பாதுகாப்பு வரலாற்றின் குறைகளுள் ஒன்று.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792இல், திண்டுக்கல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. அதே பத்தாண்டில்தான், வடக்கே செங்கற்பட்டில், பறவைக் காவலைப் பற்றிய புகழ்பெற்ற ஆவணம் பிறந்தது. ஆர்க்காட்டு நவாபு 1763இல் கம்பெனிக்கு அளித்த ஜாகிர் என்னும் மானிய நிலப்பகுதியே பின்னாளைய செங்கற்பட்டு மாவட்டம். அதன் ஆட்சியராக 1794 முதல் 1798 வரை இருந்தவர் லயனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் இராமபிரான் காத்ததை அவரே கண்டதாகச் சொல்லும் ‘ஏரி காத்த ராமர்’ கதையால் அவர் பெயர் இன்றும் அப்பகுதி மக்களின் நாவில் இருக்கிறது. மதுராந்தகத்துக்கு அருகேயுள்ள வேடந்தாங்கலில், அங்கு வந்து பறவைகளைச் சுட்ட கம்பெனிச் சிப்பாய்களைப் பற்றி ஊரார் முறையிட்டனர் என்பது மரபுச் செய்தி. அதன் விளைவாக, ஏரியில் பறவைகளைக் கொல்லக்கூடாது என்னும் ஊராரின் உரிமையை ஏற்று 1798இல் பிளேஸ் கவுல் வழங்கினார். கவுல் என்பது அரசு அதிகாரி குடிகளுக்கு எழுதித் தரும் உறுதிப் பத்திரம். வரி, குத்தகை போன்றவற்றுக்கே வழக்கமாகத் தரப்படும் இத்தகைய பத்திரம் நாரைக்கும் நீர்க்காகத்துக்கும் தரப்பட்டது அக்காலத்துக்குப் புதுமையானது. கம்பெனி ஆட்சி முடிந்து விக்டோரியா அரசியின் நேரடி ஆட்சி தொடங்கிய 1858இல் அந்தக் கவுல் புதுப்பிக்கப்பட்டது.

இக்காவல் வெறும் ஜீவகாருண்யத்தால் எழுந்ததாகக் கருதுவது முழு விளக்கம் ஆகாது. தாங்கல் என்பது சிறிய ஏரியைக் குறிக்கும் தொண்டை மண்டலச் சொல். வேடந்தாங்கலின் ஏரி சுமார் 30 ஹெக்டேர் பரப்பே உடையது. அதன் நீர்ப்பரப்பினுள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள் வெள்ளத்தில் பல மாதம் மூழ்கியிருந்தாலும் அழுகாதவை; அவற்றின் கிளைகளில் நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா எனப்படும் இராக்கொக்கு, வெண்கொக்கு முதலியவை ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் கூடு கட்டும். மரத்தைச் சுற்றி நீர் சூழ்ந்திருப்பதால் பாம்பும் பூனையும் எளிதில் ஏற முடிவதில்லை. பகலில் சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் வயல்களிலும் மீனும் நத்தையும் தவளையும் தேடி உண்ட பறவைகளின் எச்சம் கூட்டுக்குக் கீழே நீரில் விழுகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த அந்த நீர் மதகின் வழியாக, அதாவது ஏரிக்கரையில் நீரைத் திறந்துவிடும் அடைப்பின் வழியாக, வயலுக்குப் பாய்கிறது. பல கிராமங்களின் நிலத்தில் இரையாகக் கிடந்த சத்தைத் திரட்டி ஒரே ஊரின் வயலுக்குப் பறவைகள் கொண்டுவந்து சேர்த்தன. அந்த ஊர் பறவைகளைக் காத்தது. வேளாண்மைத்துறை யூரியாவை அறிமுகம் செய்வதற்கு வெகுகாலம் முன்பே ஊரார் இக்கணக்கை அறிந்திருந்தனர். காவலும் பலனும் ஒரே கையில் இருந்ததே இவ்வழக்கம் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்ததற்கு அடிப்படை.

திண்டுக்கல்லில் நிகழ்ந்தது வேறு கதை. 1834இல் பழனி மலையில் முதல் வெள்ளையர் குடியிருப்பு எழுந்தது. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் 1845இல் கொடைக்கானலில் கோடைக்கால இல்லங்களைக் கட்டினர். மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் அங்கிருந்த சதுப்புப் பள்ளத்துக்குக் கரை போட்டு ஏரியாக்கினார். வெயிலுக்கு அஞ்சி மலையேறிய இந்தச் சமூகத்தில் படிப்பும் ஓய்வும் துப்பாக்கியும் ஒருசேர உடையோர் பலர் இருந்தனர். அவர்களுள் பறவையியலுக்கு நிலையான பங்களித்தவர், அகமதுநகரில் இயங்கிய மராத்தி மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பேகன் ஃபேர்பேங்க். அவர் பழனி மலையில் சேகரித்து அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்த நிலவியலாளர் வில்லியம் பிளான்ஃபோர்டு, 1860களின் இறுதியில் இரண்டு புதிய இனங்களை விவரித்தார். ஒன்று, நீல உடலும் வெண்மையான வயிறும் கொண்டு சோலைக்காட்டின் தரையோரம் திரியும் சிறு பறவை. மற்றொன்று, ஃபேர்பேங்கின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய பழனிச் சிரிப்பான். சோலைக்காடு என்பது உயர்மலைப் புல்வெளிகளுக்கு நடுவே, பள்ளத்தாக்கு மடிப்புகளில் மட்டும் அடர்ந்து நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காடு. இவ்விரு பறவைகளும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. அண்மைக்கால மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 2017இல் இரண்டுமே புதிய பேரினங்களில் வைக்கப்பட்டன.

ஃபேர்பேங்கின் பழனி மலைப் பறவைப் பட்டியல் 1877இல் ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ இதழில் வெளிவந்தது. பத்தாண்டு கழித்து ஹொரேஸ் டெர்ரி என்பவரின் பழனி மலைப் பட்டியலும் அதே இதழில் இடம்பெற்றது. இந்த இதழை நடத்தியவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர் என்று பள்ளிப் பாடத்தில் மட்டும் அறியப்படும் ஹியூம், அக்காலத்தில் இந்தியப் பறவையியலின் மையப்புள்ளியாகத் திகழ்ந்தவர்; நாடெங்குமிருந்து அதிகாரிகளும் பாதிரிமாரும் எழுதியனுப்பிய குறிப்புகளை அவ்விதழ் தாங்கியது. அன்றைய முறைப்படி, ஓர் இனம் ஓரிடத்தில் உண்டு என நிறுவுவதற்குப் பறவையைச் சுட்டு வீழ்த்தி, தோலுரித்து, நச்சுமருந்து தடவிப் பாடம் செய்து அனுப்ப வேண்டும். கண்ணால் கண்டதாகச் சொல்வதற்குச் சான்று மதிப்புக் குறைவு.

மலைக்கு இவ்வாறு இரண்டு பட்டியல்கள் வந்த காலத்தில் சமவெளிக் குளங்கள் ஏன் கண்ணில் படவில்லை என்பதற்கு விடை பயண நாட்காட்டியில் இருக்கிறது. 1875இல் இருப்புப்பாதை திண்டுக்கல்லைத் தொட்ட பிறகு, கொடைக்கானல் செல்வோர் அம்மையநாயக்கனூரில், இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையத்தில், இறங்கி மாட்டுவண்டியில் மலையடிவாரம் சேர்ந்து, அங்கிருந்து குதிரையிலும் நாற்காலிப் பல்லக்கிலும் மேலே சென்றனர். அப்பயணம் நிகழ்ந்தது பெரும்பாலும் பங்குனி, சித்திரையில். அப்போது குளங்கள் வெடித்த களிமண்ணாகக் கிடக்கும்; ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் உள்ளானும் வடக்கே புறப்பட்டிருக்கும். குளம் நிறைந்திருந்த மார்கழியிலோ அவ்வழியே மலை நோக்கிச் செல்ல எவருக்கும் தேவை இல்லை. திண்டுக்கல் சமவெளியின் பறவை வளம் எழுத்தில் மெலிந்து தோன்றுவதற்குப் பறவைகள் இல்லாமை காரணமாகாது. பார்க்கத் தெரிந்தவர்கள் பார்க்க முடியாத மாதத்தில் அதைக் கடந்து சென்றதே காரணம் எனக் கொள்வது பொருந்தும். மேலும், உலகில் வேறெங்கும் காணப்படாத இனத்தைத் தேடிய சேகரிப்பாளருக்கு, எந்தக் குளத்திலும் நிற்கும் மடையானும் உண்ணிக்கொக்கும் ஈர்ப்பளித்திருக்க வாய்ப்பில்லை.

துப்பாக்கி ஒருபுறம் இருக்க, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீர்ப்பறவைகளுக்கு நேர்ந்த பெருந்தீங்கு இறகு வணிகம். இனப்பெருக்கக் காலத்தில் வெண்கொக்குகளின் முதுகில் வளரும் மெல்லிய தூவிகள் ஐரோப்பியப் பெண்களின் தொப்பிகளுக்கு அணியாகி, உயர்ந்த விலைக்குப் போயின. தூவி உள்ள காலமே கூட்டில் குஞ்சு உள்ள காலமாதலால், தாய்ப்பறவையைக் கொன்றால் குஞ்சுகளும் பட்டினியால் அழியும். 1887ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம் இனப்பெருக்கக் காலத்து விற்பனையை நகராட்சி, படைவீட்டு எல்லைகளுக்குள் தடுக்க முயன்றது. இறகு ஏற்றுமதிக்கு இந்திய அரசு தடை விதித்தது 1902இல். 1912இல் விரிவான சட்டம் ஒன்று வந்தது. வேடந்தாங்கல் போன்ற ஊர்களின் கட்டுப்பாடு, சட்டம் கண் விழிப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே கூடுகளைக் காத்து நின்றது.

20ஆம் நூற்றாண்டில்தான் இரண்டு வழிகளும் ஓரிடத்தில் சந்தித்தன. 1936இல் செங்கற்பட்டு ஆட்சியர் வேடந்தாங்கலைச் சரணாலயமாக அங்கீகரித்தார். 1941இல் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் கையேடு வெளிவந்து, படத்தைப் பார்த்து இனம் காணும் பழக்கத்தைப் படித்த நடுத்தர வர்க்கத்திடம் கொண்டுசென்றது. சுடுவதற்குப் பதிலாக இருகண்நோக்கியால் பார்ப்பது இதன்வழி மதிப்புப் பெற்றது. தமிழகத்தில் இம்மாற்றத்தின் பெருமுகம் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான அவர், 1950 முதல் 1996இல் மறையும் வரை கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை குறித்த தொடரை எழுதினார். வேடந்தாங்கலின் கூடுகட்டும் பறவைகளை நெடுநாள் கவனித்துப் படமும் எழுத்துமாகப் பதிவு செய்தார். பெ. தூரன் தலைமையில் உருவான தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்குப் பறவைகள் பற்றி எழுதியவரும் அவரே. அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுத்தார். உள்ளூர்ப் பெயர்களைத் திரட்டும் பணியைத் தமிழ்ப் பேராசிரியர் க. ரத்னம் மேற்கொண்டு, 1998இல் ‘தமிழில் பறவைப் பெயர்கள்’ என்னும் நூலாக்கினார். ஒரே பறவைக்கு ஊருக்கொரு பெயரும், ஒரே பெயருக்குள் பல பறவைகளும் அடங்கிக் கிடந்த நிலையில், இந்தத் தொகுப்பு இல்லாமல் தமிழில் பறவைக் கணக்கெடுப்பே நடந்திருக்க இயலாது.

சட்ட வடிவில் வேடந்தாங்கல் 1962இல் சென்னை வனச் சட்டத்தின்கீழ் வந்து, பின்னர் வனவிலங்குச் சட்டத்தின்படி 1998இல் ஏரியைச் சுற்றிய 5 கிலோமீட்டர் தொலைவும் உள்ளடங்க அறிவிக்கப்பட்டது. பறவை இரை தேடுவது சுற்றுவட்டார வயல்களில் என்பதால், ஏரியை மட்டும் வேலியிட்டுக் காத்தல் பயன் தராது என்ற உண்மையை அந்த 5 கிலோமீட்டர் ஒப்புக்கொண்டது. அதன் வெளிப்பகுதியைச் சுருக்கும் முன்மொழிவு 2020இல் எழுந்தபோது பரவலான எதிர்ப்புக் கிளம்பியதும், முன்மொழிவு கைவிடப்பட்டதும் அண்மைச் செய்திகள். 2022இல் வேடந்தாங்கல் ராம்சர் தலமாயிற்று. 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்கீழ் பன்னாட்டுச் சிறப்புடையதாக ஏற்கப்படும் ஈரநிலமே ராம்சர் தலம்.

திண்டுக்கல் சமவெளியோடு ஒப்பிடுவதற்கு வேடந்தாங்கலைவிட நெருங்கிய எடுத்துக்காட்டு, சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே உள்ள வேட்டங்குடி. கொள்ளுக்குடிப்பட்டியை அடுத்த கண்மாய்கள் சேர்ந்த 38.4 ஹெக்டேர் பரப்பு 1977இல் பறவைகள் சரணாலயமானது. கூட்டில் முட்டையும் குஞ்சும் இருக்கும் பருவத்தில் தீபாவளி வருவதால், ஊரார் வெடி வெடிப்பதைத் தாமே விட்டுவிட்டனர். குழந்தைகளுக்கும் இதைப் பழக்கியிருக்கின்றனர். கண்மாய் என்பது தென்மாவட்டங்களில் பாசன ஏரிக்கு வழங்கும் பெயர். மழை குறைவான, கிணற்றையும் கண்மாயையும் நம்பிய இப்பகுதியின் நிலமும் நீரும் திண்டுக்கல்லோடு பெரிதும் ஒத்தவை. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் 1994இல் சரணாலயமானது. அங்கே நாரையும் கூழைக்கடாவும் தெருவோர மரங்களிலும் வீட்டு முற்றத்து மரங்களிலுமே கூடு கட்டும், வீட்டார் அவற்றின் நாற்றத்தையும் இரைச்சலையும் பொறுத்துக்கொள்வர். இவ்வூர்களில் எல்லாம் அரசாணை பின்னால் வந்தது. வழக்கம் முன்னால் இருந்தது.

திண்டுக்கல் மாவட்டத்தில் அரசு அறிவித்த பறவைகள் சரணாலயம் எதுவும் இல்லை. 1985இல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பின்னர் இங்கே வந்த பெரிய அறிவிப்புகள் காட்டைச் சார்ந்தவை: 2013இல் ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர் பரப்பில் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம், 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர்த் தேவாங்குச் சரணாலயம். தேவாங்கு என்பது இரவில் மட்டும் நடமாடும் சிறு மரவாழ் விலங்கு. இவ்விரண்டும் வரவேற்கத்தக்கவை, ஆயினும் 19ஆம் நூற்றாண்டுப் பட்டியல்களின் சாய்வு 21ஆம் நூற்றாண்டு அறிவிப்புகளிலும் தொடர்வதை மறைக்க முடியாது. மலைக்கும் காட்டுக்கும் கிடைத்த மதிப்பு சமவெளியின் குளத்துக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் குளங்கள் கடந்த ஒரு நூற்றாண்டில் பல மாற்றங்களைக் கண்டன. தோல் பதனிடும் தொழில் திண்டுக்கல் நகரைச் சுற்றி வளர்ந்தது. உப்பும் குரோமியமும் கலந்த அதன் கழிவு நீர் பல ஊர்களின் குளத்தையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது, ஆற்றையும் எட்டியது. 1977 நவம்பர் பெருவெள்ளத்தில் அழகாபுரியில் உள்ள குடகனாற்று அணையின் மண்கரை உடைந்து கீழ்ப்பகுதியைச் சூறையாடியது. சமூகக் காடு வளர்ப்புத் திட்டங்களில், குறிப்பாக 1980களில், தமிழகத்து ஏரிகளின் உள்வாயில் நாட்டுக் கருவேல மரங்கள் நடப்பட்டன. விறகுக்காக நட்ட அம்மரங்கள் பல இடங்களில் பறவைகளுக்குக் கூட்டு மரங்களாயின, முதிர்ந்ததும் ஏலத்தில் வெட்டப்பட்டபோது கூடுகளும் போயின. சீமைக் கருவேலம் இதைவிடச் சிக்கலானது. நீரை உறிஞ்சும் நச்சுமரம் என்று பழிக்கப்பட்டு, உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி 2017இல் பரவலாக அகற்றப்பட்ட அதன் முட்கிளைகளே, வேறு மரம் இல்லாத கண்மாய்களில் கொக்குக்கும் நாரைக்கும் புகலிடமாக இருந்தன. அதை அகற்றுவது தவறன்று. அதன் இடத்தில் நீர்க்கடம்பும் நாட்டுக் கருவேலமும் வளர்ந்து நிற்கும் வரை படிப்படியாக அகற்றுவதே முறை.

2017இல் மாநில அரசு மீண்டும் தொடங்கிய குடிமராமத்துப் பணியும் இங்கே குறிப்பிடத்தக்கது. குடிமராமத்து என்பது ஊரார் தம் உழைப்பால் ஏரியையும் வாய்க்காலையும் செப்பனிடும் பழைய முறை. தூர் வாருவதால் குளம் கொள்ளும் நீர் கூடும், உழவர்க்கு நன்மை. ஆனால் கரையோரம் முழுவதையும் ஒரே ஆழத்துக்குச் செங்குத்தாகத் தோண்டிவிட்டால், கணுக்கால் அளவு நீரில் நடந்து இரை தேடும் உள்ளானுக்கும் அரிவாள்மூக்கனுக்கும் ஆள்காட்டிக்கும் இடமில்லாமல் போகும். ஆழ்நீரில் மூழ்கி மீன் பிடிக்கும் நீர்க்காகமும் முக்குளிப்பானும் மட்டுமே மிஞ்சும். ஒருபுறம் சரிவான கரையும், நடுவே மரம் நிற்கும் மண்திட்டும் விட்டுத் தோண்டுவதற்குக் கூடுதல் செலவு ஏதும் இல்லை. பொறியாளர் வரைபடத்தில் அந்தத் திட்டுக்கு இடம் இருக்க வேண்டும், அவ்வளவே.

மயிலின் நிலை இதற்கு மாறானது. பழனி முருகனின் ஊர்தி என்பதால் இம்மாவட்டத்தில் மயிலைக் கொல்லுதல் பாவமாகவே கருதப்பட்டுவந்தது. 1963இல் அது தேசியப் பறவையுமானது. இன்று தோட்டந்தோறும் மயில் திரிகிறது, நிலக்கடலையும் தக்காளியும் அதனால் சேதமாகின்றன என்ற குறையும் உழவரிடமிருந்து எழுகிறது. வேடந்தாங்கலில் காவலும் பலனும் ஒரே ஊருக்கு உரியவை. இங்கோ காவல் பக்தியிலும் சட்டத்திலும் இருக்கிறது, இழப்பு மட்டும் உழவருக்கு வந்து சேர்கிறது. வழக்கம் நீடிக்க வேண்டுமானால் இந்தக் கணக்கைச் சரிசெய்தாக வேண்டும்.

பறவை நோக்கலின் அண்மைக் கட்டம் இந்தச் சமவெளிக்கு ஒரு வாய்ப்பைத் திறந்திருக்கிறது. 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் தன்னார்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, முன்சொன்ன நாட்காட்டிப் பிழையை இயல்பாகவே திருத்திவிடுகிறது. குளம் நிறைந்திருக்கும், வலசைப் பறவைகள் வந்திருக்கும், மக்களும் சொந்த ஊரில் இருப்பர். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, இனத்தையும் எண்ணிக்கையையும் குறித்து இணையப் பதிவேட்டில் சேர்ப்பதே முறை. துப்பாக்கியும் வேண்டாம், பாடம் செய்யும் பெட்டியும் வேண்டாம். ஆத்தூர் நீர்த்தேக்கம் போன்ற, மலையடிவாரக் காடும் அகன்ற நீர்ப்பரப்பும் ஒட்டியிருக்கும் இடங்களில் காட்டுப் பறவையையும் நீர்ப்பறவையையும் ஒரே காலையில் காணலாம். அகரம், தாடிக்கொம்பு, வேடசந்தூர் வட்டாரக் குளங்களோ சிறியவை, பெயர் பெறாதவை. எனவே அவற்றுக்கே பதிவு மிகுதியாகத் தேவை. ஒரு குளத்தில் தொடர்ந்து பல ஆண்டுகள் தை மாதத்தில் எடுக்கப்பட்ட கணக்கு, அங்கே கரையை எப்படித் தோண்டுவது, எந்த மரத்தை விடுவது, எந்தக் கழிவைத் தடுப்பது என்று முடிவெடுக்கும் ஊராட்சிக்கும் நீர்வளத் துறைக்கும் நேரடிச் சான்றாகும். தாடிக்கொம்பு வட்டாரத்துப் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் வரும் பொங்கலிலேயே தத்தம் ஊர்க் குளம் ஒன்றைத் தேர்ந்து இக்கணக்கைத் தொடங்கலாம். தேதி, நேரம், குளத்தின் பெயர், நீர்மட்டம், பறவை, எண்ணிக்கை ஆகிய ஆறு விவரங்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏறினால் போதும்.